டர்பனில் ஒரு பள்ளியைக் கட்டிக் கொடுத்தவர்கள்

“எங்கள் பணத்தில் கட்டினோம், கட்டி முடித்ததும் அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம்.” தம் முன்னோர் கப்பலேறிய கிராமத்தைத் தேடி வேலூர்ப் பக்கம் போய்விட்டுச் சென்னைக்குத் திரும்பியிருந்த, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பெரியவர் ஒருவர், எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னது இது. புரட்டாசி விரதத்தைத் தவறவிடாத குடும்பத்தவர். ஆனாலும் தமிழில் சில சொற்களுக்கு மேல் அவருக்கு வராது. பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அவர் சொன்னது தாம் படித்த சாஸ்திரி கல்லூரியைப் பற்றி. பெயர்தான் கல்லூரி, இந்தியச் சிறுவர்களுக்காக 1929-இல் டர்பனில் திறக்கப்பட்ட உயர்நிலைப் பள்ளி அது. காய்கறி விற்றுப் பிழைத்த அவருடைய பாட்டனார் அந்தப் பள்ளிக்காக நடந்த வசூலில் தம்மால் ஆனதைக் கொடுத்தாராம். ஆனால் பாட்டனாரின் பிள்ளைகளில் ஒருவருக்கும் அங்கே படிக்க வாய்க்கவில்லை, பேரனுக்குத்தான் வாய்த்தது. சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: நீங்கள் வேலை பார்த்த பள்ளியின் நிர்வாகத்தார் தங்கள் கட்டடத்தை அப்படி அரசாங்கத்துக்குத் தூக்கிக் கொடுப்பார்களா? மாட்டார்கள் என்றேன். பிறகு, இவர்கள் ஏன் மாட்டார்கள், டர்பன்காரர்கள் ஏன் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளும் என்னை விடவில்லை.

நான் பணியாற்றியது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில். ஒரு சமூகத்தார் தங்கள் பிள்ளைகளுக்கென்று தொடங்கி, பிறகு எல்லாருக்கும் கதவைத் திறந்த பள்ளி. நிலமும் கட்டடமும் சங்கத்துக்குச் சொந்தம். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. இந்த ஏற்பாட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்கு அதன் நெளிவுசுளிவு தெரியும். ஒரு கணித ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு ஆள் எடுப்பது நிர்வாகம். அந்த நியமனத்தை ஒப்புக்கொள்ள வேண்டியது கல்வி அலுவலகம். ஒப்புதல் வரும்வரை கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும். அதுவரை புதிய ஆசிரியருக்குத் தாளாளர் தம் பையிலிருந்தோ சங்க நிதியிலிருந்தோ ஒரு தொகையை உறையில் போட்டுக் கொடுப்பார். அதை வாங்கும் இளைஞர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். அந்த உறையை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டடத்தைக் கொடுத்துவிட்டால் அந்த உறைக்கு வேலையிருக்காது. ஆனால் கொடுத்த கையோடு பள்ளியின் மீதுள்ள சொல்லும் போய்விடும். டர்பன்காரர்கள் 1920களில் நின்றது இதே இடத்தில்தான். ஒரு வேறுபாடு: அவர்கள் கொடுத்தது தங்களை அந்நாட்டை விட்டே அனுப்பிவிட விரும்பிய ஓர் அரசாங்கத்திடம்.

திருவல்லிக்கேணியிலிருந்து நேட்டாலுக்கு

பள்ளிக்குப் பெயர் தந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியைத் தமிழ்நாட்டில் இன்று இரண்டு வகையாகத்தான் நினைக்கிறார்கள். ஒன்று, வெள்ளைக்காரனே வியந்த ஆங்கிலப் பேச்சாளர். மற்றொன்று, வெள்ளைக்காரனிடம் விண்ணப்பம் போட்டே காலம் கழித்த மிதவாதி. அவர் ஒரு தலைமையாசிரியர் என்பது இரண்டிலும் விடுபட்டுப் போகிறது. கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-இல் சேரும் முன்பு, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியை நடத்தியவர் அவர். அந்தப் பள்ளியும் ஊர்க்காரர்கள் உண்டாக்கியதே. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தெலுங்குப் பிள்ளைகளுக்கும் என்று 1852-இல் தனித்தனியே தொடங்கிய பாடசாலைகள் பின்னாளில் ஒன்றாகி வளர்ந்ததுதான் அது. பெரிய தெருவில் இன்றும் நிற்கும் ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு, தெருவார் தரும் பணம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது புரியும். சிறு தொகைகளைச் சேர்த்து நிலையான ஒன்றை உண்டாக்கும் கலை சாஸ்திரிக்கு அங்கேயே பழகியிருக்க வேண்டும். 1904-இல் டி.யு.சி.எஸ். என்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறக்கப் பாடுபட்டவர்களிலும் அவர் ஒருவர்.

இந்தத் தலைமையாசிரியரைத்தான் 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் முகவராக, அதாவது அங்கே அதன் பிரதிநிதியாக, அனுப்பினார்கள். போகச் சொல்லி வற்புறுத்தியவர்களில் காந்தியும் உண்டு. அவர் போய் இறங்கிய, டர்பன் நகரம் உள்ள நேட்டால் மாகாணத்தில் இந்தியர்கள் இருந்த நிலையைப் பலரும் அறிவர். சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். அவர்களைத் தொடர்ந்து, சொந்தச் செலவில் கப்பலேறிய குஜராத்தி வணிகர்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் மீது 3 பவுண்டு தலைவரி. அது 1914-இல் ஒழிந்தபின்னும், இவர்களை எப்படியாவது கப்பலேற்றித் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற பேச்சு ஓயவில்லை. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் 1927-இல் எட்டிய கேப்டவுன் உடன்பாட்டில் அந்த நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது. தாமாக நாடு திரும்புவோருக்குத் தலைக்கு 20 பவுண்டு, பிள்ளைகளுக்கு 10 பவுண்டு என்று ஊக்கத்தொகை வைத்தார்கள். அதே உடன்பாட்டின் மற்றொரு பகுதி, நாட்டிலேயே தங்கிவிடும் இந்தியர்களைக் கல்வியிலும் மற்ற வசதிகளிலும் பின்தங்க விடமாட்டோம் என்றது. முதற்பகுதிக்கு நிதி ஒதுக்க அரசாங்கம் ஆயத்தமாக இருந்தது. இரண்டாவது பகுதி காகிதத்தில் இருந்தது.

கல்வியில் அன்றைய டர்பன் எப்படி இருந்தது என்பதற்கு மனிதர்களையே சான்றாகச் சொல்லலாம். 1897-இல் குடும்பத்தோடு அங்கே குடியேறிய காந்தி, விரும்பியிருந்தால் தம் பிள்ளைகளுக்கு ஐரோப்பியர் பள்ளியில் விதிவிலக்காக இடம் வாங்கியிருக்கலாம். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை தம் பிள்ளைகளுக்கு வேண்டாமென்று மறுத்து வீட்டிலேயே கற்பித்தார். முறையான படிப்பு இல்லாமற்போன குறை மூத்த மகன் ஹரிலாலின் மனத்தில் கடைசிவரை ஆறவில்லை. 1899-இல் கார்லைல் தெருவில் இந்தியச் சிறுவர்களுக்கென்று ஒரு பள்ளி வந்தது. அதில் படித்த, 1910-இல் டர்பனில் பிறந்த மாண்டி நாயக்கர், மேற்கொண்டு படிக்க 1927-இல், பதினேழு வயதில், ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினார். வாழைப்பழ ஏற்றுமதி செய்த குடும்பம் என்பதால் அவரால் முடிந்தது. தோட்டத்தில் கரும்பு வெட்டியவரின் பையனுக்கு ஆறேழு வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதுவும் பக்கத்தில் பள்ளி என்று ஒன்று இருந்தால்.

கொடுத்தது ஏன்

சாஸ்திரி டர்பனில் இருந்தது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அதற்குள் இந்தியச் சமூகத்திடமிருந்தே ஏறக்குறைய 20,000 பவுண்டு திரட்டப்பட்டது. பெருந்தொகைகள் குஜராத்தி முஸ்லிம் வணிகர்களிடமிருந்து வந்தன; அதைத் தமிழர்களாகிய நாம் நன்றியோடு சொல்ல வேண்டும், பெயர் ஒரு தமிழருடையதாக அமைந்துவிட்ட காரணத்தால் அது மறைந்துவிடக் கூடாது. 1928-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1929 அக்டோபரில் பள்ளி திறந்தது. கட்டடத்தை நேட்டால் மாகாண நிர்வாகத்திடம் ஒப்படைத்தார்கள். பள்ளியை நடத்துவதும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதும், மெட்ரிக்குலேஷன்வரை பிள்ளைகளைக் கொண்டுசெல்வதும் இனி அரசாங்கத்தின் வேலை.

இந்த இடத்தில்தான் என் மனம் நீண்ட நாள் நின்றது. வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட வெள்ளையர் எவரும் உண்டியல் குலுக்கவில்லை, வரிப்பணத்தில் கட்டினார்கள். இந்தியர்களும் வரி கட்டினார்கள். அதற்கு மேல் பள்ளியையும் தாங்களே கட்டிக்கொடுத்தார்கள். ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுப்பதைப் போன்றது இது. சுயமரியாதை உள்ள ஒரு சமூகம், கட்டியது நாங்கள், நடத்துவதும் நாங்களே என்று நிமிர்ந்து நிற்க வேண்டாமா? டர்பன் பெரியவரின் மனக்குறையும் இதுவே.

ஆனால் ஒரு பள்ளியின் வரவு செலவைக் கூட்டிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு வேறு கணக்கு தெரிகிறது. கட்டடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சம்பளத்துக்கு மாதந்தோறும் கொடுக்க வேண்டும். மானியம் இல்லாமல் உயர்நிலைப் பள்ளி நடத்தப் போனால், ஆய்வுக்கூடம், நூலகம், பட்டதாரி ஆசிரியர்கள் என்று ஏறும் செலவுக்கு ஒரே வழி கட்டணத்தை ஏற்றுவதுதான். ஏற்றினால் அது வணிகர் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி ஆகிவிடும். அவர்களுக்கோ வேறு வழிகளும் இருந்தன, மாண்டி நாயக்கரைப் போல எடின்பரோவுக்கே போய்விடலாம். கட்டடத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் பெருமைக்குக் காய்கறி வியாபாரியின் பேரன் விலை கொடுத்திருப்பான்.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. அதுவே என்னை அவர்கள் பக்கம் திருப்பியது. கேப்டவுன் உடன்பாட்டில் கல்வி பற்றிய வாக்குறுதி இருந்தது, ஆனால் அதை நிறைவேற்றும்படி நேட்டால் மாகாணத்தைக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாத நிலை. பணமில்லை, இடமில்லை, பிறகு பார்க்கலாம் என்று ஆண்டுகளை ஓட்டிவிடலாம். அந்தச் சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள் டர்பன் இந்தியர்கள். கட்டடம் இதோ இருக்கிறது, சாவி இதோ இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், வாங்கிக்கொண்ட நாளிலிருந்து இந்தியர்களின் உயர்நிலைக் கல்வி தன் பொறுப்பில்லை என்று அந்த அரசாங்கத்தால் சொல்ல முடியாது. ஆட்களைத் திருப்பி அனுப்பத் திட்டமிடும் ஓர் அரசாங்கத்தை, அதே ஆட்களின் பிள்ளைகளுக்கு மாதாமாதம் சம்பளப் பட்டியலில் கையெழுத்திட வைத்தது சிறிய வேலையா? திருவல்லிக்கேணியில் மானியம் வாங்கிப் பள்ளி நடத்திய தலைமையாசிரியருக்கு அந்தக் கையெழுத்தின் மதிப்பு தெரிந்திருந்தது. மேடைப் பேச்சை விட இதுவே அவர் செய்த பெரிய காரியம் என்று நான் கருதுகிறேன்.

அதன் முதற்பயன் உடனே தெரிந்தது. பள்ளிக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் இந்தியாவிலிருந்து வந்தார்கள். 1913-இன் குடியேற்றச் சட்டத்தால் புதிய இந்தியர்களுக்கு ஏறக்குறைய முற்றிலும் கதவடைத்திருந்த நாடு, இருக்கும் இந்தியர்களைப் பணம் கொடுத்துக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நாடு, இந்திய ஆசிரியர்களுக்காக அந்தக் கதவைத் திறந்தது. திறப்பு விழாவின்போது சாஸ்திரி அங்கே இல்லை. 1929 தொடக்கத்திலேயே ஊர் திரும்பியிருந்தார். அவர் இடத்தில் முகவராக இருந்தவர் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு. சென்னையில் எதிரெதிர் அணிகளில் நின்ற ஒரு மிதவாதப் பிராமணரும் ஒரு நீதிக்கட்சித் தலைவரும் டர்பனில் ஒரே வேலையை அடுத்தடுத்துச் செய்தார்கள். பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியிலும் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்தார்கள். நம் அரசியல் வரலாற்றைக் கட்சி வாரியாகவே படித்துப் பழகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

பள்ளிக்குள் நடந்தவை

சாஸ்திரி கல்லூரி பள்ளியாக மட்டும் இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியும் அங்கேதான் நடந்தது. 1951-இல் டர்பனின் ஸ்பிரிங்ஃபீல்டில் தனிப் பயிற்சிக் கல்லூரி வரும்வரை அதுவே நிலை. ஓர் ஆசிரியனாக என்னை மிகவும் நெகிழ வைப்பது இந்தப் பகுதி. பயிற்சி பெற்ற இளைஞர்கள் கரும்புக் காட்டுப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவற்றிலும் பெரும்பாலானவை பெற்றோர்கள் பணம் போட்டுக் கட்டி அரசாங்க மானியம் பெற்றவையே. இடம் போதாமல் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு தொகுதிப் பிள்ளைகளும் பிற்பகலில் மற்றொரு தொகுதிப் பிள்ளைகளும் படித்த காலம் அங்கே நீண்டது. இந்தியப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி 1970களில்தான் வந்தது என்பதை நினைத்தால், அதற்கு முன்பே தோட்டத்துப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றது யாருடைய உழைப்பால் என்பது விளங்கும்.

1936-இல் மேபல் பாமர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்துக்குள் சேர்க்கப்படாத கறுப்பின, இந்திய மாணவர்களுக்காகப் பட்ட வகுப்புகளைத் தொடங்கியபோது, அவை நடந்த இடம் சாஸ்திரி கல்லூரி. பகலில் பையன்கள் அமர்ந்த அதே பெஞ்சுகளில், வேலை முடிந்து வந்த ஆசிரியர்களும் எழுத்தர்களும் உட்கார்ந்து படித்தார்கள். இந்தியப் பையன்களுக்கென்று கட்டிய கட்டடம் இப்படி ஆப்பிரிக்கர்களுக்கும் பல்கலைக்கழகப் படிப்பின் வாசலாயிற்று. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்காகச் செய்வது அந்தச் சமூகத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் படித்தவர்களில் இஸ்மாயில் மீர் ஒருவர். பின்னர் சட்டம் படிக்க ஜோகன்னஸ்பர்க் போனார். அங்கே கோல்வாட் ஹவுஸ் என்ற அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர் குடியிருந்த அறைகளுக்கு இளம் நெல்சன் மண்டேலா அடிக்கடி வந்து போவார். எடின்பரோவிலிருந்து மருத்துவராகத் திரும்பிய மாண்டி நாயக்கர் 1945-இல் நேட்டால் இந்தியக் காங்கிரசின் தலைவரானபோது, விண்ணப்பமும் பேச்சுவார்த்தையுமாகக் காலந்தள்ளிய பழைய தலைமை முடிவுக்கு வந்தது. 1946-இல் நில உரிமையைப் பறித்த சட்டத்தை எதிர்த்துச் சாத்வீகப் போராட்டம் எழுந்தது. மீரும் அதில் முன்னின்றார். விண்ணப்பம் போட்டவர்கள் கட்டிய பள்ளியிலிருந்து, விண்ணப்பம் போட மறுத்தவர்கள் வந்தார்கள். மிதவாதிகளை எடைபோடும்போது இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொடுத்த விலை

இதனால் விலை எதுவும் கொடுக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தனிப்பள்ளியை ஏற்றுக்கொண்டது, பிரித்து வைப்பதையே ஏற்றுக்கொண்டதாயிற்று. காந்தி தம் பிள்ளைகளுக்கு மறுத்தது சலுகையை. டர்பன் சமூகத்துக்கு அதற்கும் குறைவானதுதான் கிடைத்தது, அதையும் பணம் கொடுத்தே வாங்கியது. பின்னாளில் நேட்டாலின் இந்தியர் கல்வி முழுவதும் மாகாணத்தின் கையிலிருந்து 1966-இல் இந்தியர் விவகாரத் துறைக்கு மாற்றப்பட்டபோது, நிறவெறி அரசின் அந்தத் துறைக்குக் கீழே சாஸ்திரி கல்லூரியும் போயிற்று. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வழியில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் அந்தக் காலத்தில் ஆசிரியராக இருந்தவர். அரசியல் பேசுகிறவர் என்ற பேச்சு வந்தால் தொலைதூரப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சியே சகாக்கள் ஓய்வறையில் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்றார். அவர் மனக்குறையின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதை வாதத்தால் ஆற்ற முடியாது.

பெண்பிள்ளைகள் இந்தக் கணக்கில் பின்னால்தான் வந்தார்கள். பள்ளிக்கு அடிக்கல் நாட்டிய அதே 1928-இல், டர்பனில் வளர்ந்த குணம் என்ற தமிழ்ப் பெண் மருத்துவம் படிக்க ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டார். அவருக்காக யாரும் வசூல் செய்யவில்லை. பெற்றோர் துணிந்து அனுப்பினார்கள். டர்பனுக்கு மருத்துவராகத் திரும்பிய அவர் 1946 போராட்டத்தில் சிறைக்கும் போனார். டர்பன் இந்தியப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி பிறகு வந்தது. பின்னாளில் சமூகவியல் அறிஞரான ஃபாத்திமா மீர் போன்றவர்கள் அங்கே படித்தவர்கள். பையன்களுக்கு முதலில், பெண்களுக்குப் பிறகு என்று அந்தத் தலைமுறை வகுத்த வரிசை, எத்தனை பெண்களின் படிப்பை ஏழாம் வகுப்போடு நிறுத்தியிருக்கும் என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது. சென்னையில் நம் சமூகப் பள்ளிகள் பலவற்றின் தொடக்க வரலாறும் இதுவே.

தமிழும் அந்தப் பள்ளிக்குள் போகவில்லை. மெட்ரிக்குலேஷனுக்கு வேண்டியது ஆங்கிலம். வேலைக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் டர்பன் தமிழர்கள் தமிழைக் கைவிட்டுவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பள்ளி விட்டபின் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் தமிழ்ப் பாடசாலைகள் நடந்தன. அவற்றுக்கு மானியம் கிடையாது. ஆசிரியருக்குக் கிடைத்தது பெற்றோர் தந்ததுதான். அந்தப் பாடசாலைகளின் சாவியை அவர்கள் எந்த அரசாங்கத்திடமும் கொடுக்கவில்லை. எதை அரசாங்கத்தின் தலையில் கட்ட வேண்டும், எதைத் தாங்களே சுமக்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்தே நடந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அரசுப் பள்ளிகளில் இந்திய மொழிகளுக்கு இடம் கிடைத்தது 1980களில். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்புச் சட்டம், போற்றி மதிக்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதுவரை அந்தப் பாடசாலைகளைத் தாங்கியவர்கள் கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும்தான். அவர்களில் எத்தனையோ பேர் பகலில் சாஸ்திரி கல்லூரியில் படித்துவிட்டு, மாலையில் தரையில் அமர்ந்து அகரம் எழுதியிருப்பார்கள்.